மண்ணூரும் மன்னாரும்

மண்ணூரில் வசிக்கிறவனுக்குச் சமுத்திரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நேயர்கள் கேட்கக் கூடும். நியாயமான கேள்விதான். ஸ்ரீபெரும்பூதூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில், பெயருக்கு ஏற்றபடி மண் உண்டு. மழை பெய்தால் சாலையில் ஜலமும் உண்டு. கடல் மட்டும் கிடையாது. நெல் விளைந்த பூமியில் இப்பொழுது மோட்டார் வண்டிகளும் அவற்றின் உறுப்புகளும் விளைகின்றன. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரையில் தொழிற்சாலை விளக்குகள் இரவைப் பகலாக்கிக்கொண்டிருக்கின்றன. இப்படிப்பட்ட இடத்திலிருந்து ஒரு கடல் யாத்திரைத் திட்டம் புறப்பட்டது என்றால் எனக்கே முதலில் நம்பிக்கை வரவில்லை.

திட்டத்தைக் கொண்டு வந்தவன் என் தங்கையின் மகன். வயது இருபத்தாறு. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தகப்பனார் காலமாகிப் பத்து வருஷம் ஆகிறது. தாய்க்கு அவன் ஒரே பிள்ளை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கூட வேலை பார்க்கும் சிநேகிதன் ஒருவனுடன் வந்து, ஒரு பெரிய வரைபடத்தை என் வீட்டுக் கூடத்தில் விரித்தான்.

"மாமா! தனுஷ்கோடியிலிருந்து மணப்பாடு வரையில் கயாக்கிலே போகப்போகிறோம்" என்றான்.

கயாக் என்பது வட துருவப் பிரதேசத்து ஜனங்கள் கண்டுபிடித்த ஓடம். மரமோ எலும்போ கொண்டு கூடு கட்டி, அதன்மேல் கடல் நாயின் தோலைப் போர்த்தித் தைத்துவிடுவார்கள். நடுவில் ஓர் ஆள் உட்காருவதற்கு மட்டும் துவாரம். இரண்டு பக்கமும் தட்டையான துடுப்பை மாற்றி மாற்றிப் போட்டுச் செலுத்த வேண்டும். பனிக்கட்டி மிதக்கும் கடலுக்கென்று பிறந்த அந்த ஓடம் இப்பொழுது பிளாஸ்டிக் உடம்பு பெற்று உலகமெல்லாம் சுற்றுகிறது. நம் பிச்சாவரத்திலும், ராமநாதபுரம் ஜில்லாவில் உள்ள காரங்காட்டிலும் அலையாத்திக் காடுகளுக்கு நடுவே அதைப் பார்க்கலாம். பையன்கள் இருவரும் இரண்டு வருஷம் பணம் சேர்த்து ஆளுக்கொன்று வாங்கி, ஓர் ஏரியில் ஆறு மாதம் பழகியிருந்தார்கள்.

திட்டம் இதுதான்: ஜூலை மாதக் கடைசியில் தொழிற்சாலை யந்திரங்களைப் பழுது பார்ப்பதற்காக ஆறு நாள் விடுமுறை. தனுஷ்கோடி அரிச்சல்முனையில் புறப்பட்டு, மன்னார் வளைகுடாத் தீவுகளில் இரவு தங்கி, தூத்துக்குடி, திருச்செந்தூர் வழியாக மணப்பாடு சேருவது. மொத்தம் சுமார் 200 கிலோமீட்டர்.

"ஏன் அந்தக் கரை? கோவளத்திலே கடல் இல்லையா?" என்று கேட்டேன்.

"அந்தக் கரையிலேதான் மாமா பாலைவனம் இருக்கிறது" என்றான்.

வாஸ்தவந்தான். திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவே குதிரைமொழித் தேரியைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். ரத்தச் சிவப்பான மணல், மேடும் பள்ளமுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கும். பனையும் முள் மரங்களும் எங்கேயோ ஒன்று எங்கேயோ ஒன்று. மத்தியானத்தில் செருப்பில்லாமல் பத்து அடி நடக்க முடியாது. அந்த மணலில் ஆதிமனிதர்கள் செதுக்கிய சின்னஞ்சிறு கல்லாயுதங்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. ஸாய்னர், ஆல்ச்சின் என்ற இரண்டு அறிஞர்கள் 1956-ல் அவற்றைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். சாஸ்திரப்படி அது முழுப் பாலைவனம் அல்ல என்று பூகோளப் பண்டிதர்கள் சொல்லக் கூடும். 2023 டிசம்பரில் இதே கரையில் உள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி ஊரே மிதந்ததையும் எடுத்துக் காட்டக் கூடும். ஆனால் வருஷத்தில் முக்கால் பங்கு, வானம் அந்தப் பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை. தூத்துக்குடியில் உப்பளங்கள் அப்படிச் செழித்திருப்பதற்குக் காரணம் அதுவே அல்லவா?

பையன் அத்துடன் விடவில்லை. ஆஸ்கார் ஸ்பெக் என்ற ஜெர்மானியரின் கதையைச் சொல்லி என்னை முற்றிலும் வளைத்துவிட்டான். ஸ்பெக், ஹாம்பர்க் நகரில் மின்சார வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்துகொண்டிருந்தவர். உலகப் பொருளாதார மந்தத்தில் தொழில் படுத்துவிட்டது. 1932 மே மாதம், தமது இருபத்தைந்தாவது வயதில், மடித்து வைக்கக்கூடிய கயாக் ஒன்றை ஊல்ம் நகரில் டான்யூப் நதியில் இறக்கினார். சைப்ரஸ் தீவுச் செப்புச் சுரங்கங்களில் வேலை தேடுவதே உத்தேசம். சைப்ரஸ் சென்ற பிறகும் துடுப்பைக் கீழே வைக்க மனம் வரவில்லை. யூப்ரடீஸ் நதி வழியாகப் பாரசீக வளைகுடா, பிறகு மரம் செடி இல்லாத பாரசீகக் கரை, மக்ரான் கரை, கராச்சி, நம் மேற்குக் கரை, 1935-ல் இலங்கை, பிறகு நம் கிழக்குக் கரை, பர்மா, மலேயா, ஜாவா என்று போய், 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒரு தீவில் கரையேறினார். அதற்குள் யுத்தம் மூண்டுவிட்டது. சுமார் 50,000 கிலோமீட்டர் துடுப்புப் போட்டு வந்த மனிதரை, சத்துரு தேசத்தார் என்று காவலில் வைத்தார்கள்!

இந்தக் கதையைக் கேட்ட உற்சாகத்தில், "பேஷ்! போய் வாருங்கள்" என்று சொல்லிவிட்டேன். வரைபடத்தை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அதுதான் நான் செய்த முதல் பிசகு.

இரண்டாவது பிசகு அன்று சாயங்காலம் நடந்தது. தங்கை வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"அண்ணா! நீங்கள் சரி என்று சொன்னீர்களாமே. ஆடி மாசத்திலா?" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். "அம்மா, ஆடி மாதத்தில் கல்யாணம் செய்ய மாட்டார்கள், புது வீடு புக மாட்டார்கள். ஓடத்தில் போகக் கூடாது என்று எந்தப் பஞ்சாங்கத்தில் எழுதியிருக்கிறது?" என்று பரிகாசம் பண்ணினேன்.

அவள் பதில் சொல்லவில்லை. புடைவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள். அந்த மௌனம் இரண்டு நாள் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள், சென்னையில் மகன் வீட்டுக்கு வந்திருந்த மணப்பாட்டுப் பெரியவர் ஒருவரிடம் பையன்களை அழைத்துச் சென்றேன். கட்டுமரத்திலும் வள்ளத்திலும் நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர் அவர். பையன்கள் படத்தை விரித்து அரை மணி நேரம் பேசினார்கள். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, நீங்க போற மாசம் காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்கும்?"

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தண்ணீர், கூடாரம், விளக்கு, மருந்து எல்லாவற்றுக்கும் பட்டியல் இருந்தது. காற்றுக்கு மட்டும் பட்டியலில் இடமில்லை.

அந்தக் கரையில் காற்றுக்கு நாலு பக்கமும் பெயர் உண்டு. வடக்கிலிருந்து வருவது வாடை; கிழக்கிலிருந்து வருவது கொண்டல்; மேற்கிலிருந்து வருவது கச்சான். தென்மேற்குப் பருவக் காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி வறட்டுக் காற்றாக இந்தப் பக்கம் இறங்குகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் அது புகுந்து வரும் வேகத்துக்கு, முப்பந்தலில் வரிசை வரிசையாகச் சுழலும் காற்றாலைகளே சாட்சி. அந்தக் காற்றுத்தான் தேரி மணலை வாரி இறைக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் அது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அபாயம் அங்கேதான் இருக்கிறது.

"கச்சான் அடிக்கையிலே கரையோரம் தண்ணி குளம் மாதிரி கிடக்கும். அதை நம்பித்தான் ஆள் இறங்குவான். அஞ்சு நிமிஷம் துடுப்பை மடியிலே வச்சுக்கிட்டு இளைப்பாறினா, கரை தூரப் போயிருக்கும். திரும்பி வரப் பார்த்தா முகத்திலே அடிக்கும்" என்றார் பெரியவர்.

இதில் இருக்கும் சூட்சுமம் எளியது. அலை எழும்புவதற்குக் காற்று தண்ணீரின் மேல் சிறிது தூரம் ஓடியாக வேண்டும். நிலத்திலிருந்து வரும் காற்றுக்குக் கரை ஓரத்தில் அந்தத் தூரம் இல்லை. ஆகவே கடல் கண்ணாடிபோல் இருக்கும். இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே போனால் அதே காற்று அலையை எழுப்பிவிடும். கயாக்கில் பழகினவன் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் போவான். மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வந்தால், முழுப் பலத்துடன் தள்ளினாலும் அநேகமாக நின்ற இடத்திலேயே நிற்பான். கை சோர்ந்தால் கிழக்கே போவான். கிழக்கே சர்வதேச எல்லைக்கோடு இருக்கிறது. 1974, 1976-ஆம் வருஷத்து ஒப்பந்தங்களால் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே வகுக்கப்பட்ட அந்தக் கோடு அரிச்சல்முனைக்கு வெகு சமீபம். பிழைப்புக்காக வலை வீசப் போகும் மீனவர்களே அங்கே படும் பாடு பத்திரிகை படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

வீடு திரும்பும் வழியெல்லாம் நான் பேசவில்லை. "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்பதைத் தொட்டிலில் கிடந்தபோதே கேட்டவன் நான். என் தங்கை அதைத்தான் இரண்டு வார்த்தையில் சொன்னாள். நான் பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சிரித்தேன். நேரே அவள் வீட்டுக்குப் போய், "நீ சொன்னதுதான் சரி, நான் சிரித்தது தப்பு" என்று சொன்னேன். "அப்படியானால் போக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்" என்றாள். அது மட்டும் என்னால் முடியவில்லை. நான் வேண்டாமென்றால் அவன் என்னிடம் சொல்லாமல் போவான். வாலிப ரத்தம் அப்படிப்பட்டது. "ஒரு வாரம் பொறு, திட்டத்தை முழுவதும் பிரித்துப் பார்த்துவிடுகிறேன்" என்று கேட்டுக்கொண்டேன்.

பிரித்துப் பார்த்ததில் கிடைத்தவற்றை இங்கே எழுதுகிறேன். நேயர்கள் வீட்டுப் பிள்ளைகள் யாருக்காவது என்றைக்காவது பயன்படலாம்.

முதலாவது, தீவுகள். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள். இவற்றில் இரண்டு ஏற்கெனவே நீரில் மூழ்கிவிட்டன. 1986 முதல் இவை கடல் தேசியப் பூங்கா. பவளப் பாறைகளும் கடற்பசு மேயும் கடற்புல் வெளிகளும் இருப்பதால், வனத்துறையின் அனுமதியின்றி இறங்கவே கூடாது. கூடாரம் அடித்துச் சமையல் செய்வதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆகவே திட்டத்தில் முதல் மூன்று இரவுகளும் ஒரே வரியில் அடிபட்டுப் போயின.

இரண்டாவது, தண்ணீர். வெயிலில் நாள் முழுதும் துடுப்புப் போடுகிறவனுக்கு ஆறு லிட்டராவது வேண்டும். ஆறு நாளைக்கு 36 லிட்டர். அதாவது 36 கிலோ பாரம். சின்ன ஓடத்தில் ஆளையும் மூட்டையையும் சேர்த்து இது ஏறினால், ஓடம் தலைகீழாவதற்கு அலைகூட வேண்டியதில்லை. கடல் ஜலத்தைக் குடிக்கலாமே என்று குழந்தைகள் கேட்பார்கள். ஒரு லிட்டர் கடல் ஜலத்தில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதை வெளியேற்றச் சிறுநீரகத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் நல்ல ஜலம் தேவைப்படும். குடிக்கக் குடிக்கத் தாகம் வளருமே அன்றித் தணியாது.

ஆனால் இந்த விஷயத்தில் மக்ரான் கரைக்கு இல்லாத பாக்கியம் நம் கரைக்கு உண்டு. தனுஷ்கோடியில் மணலைக் கையால் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும். 1964 டிசம்பர்ப் புயல் ஊரையும் ரயிலையும் விழுங்கிய பிறகும், அங்கேயே குடிசை போட்டுக்கொண்டு வாழும் மீனவக் குடும்பங்களுக்கு அந்த ஊற்றுகளே கதி. திருச்செந்தூர் நாழிக் கிணறு கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மணப்பாட்டில் பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் கடலோரக் குகையிலும் நல்ல தண்ணீர்க் கிணறு உண்டு. மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்பதுதான் இந்த அற்புதத்தின் ரகசியம். தவிர, சில கிலோமீட்டருக்கு ஓர் ஊர் இருக்கிறது. கேட்டால் தண்ணீர் தராத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. ஆகவே ஆளுக்கு 12 லிட்டர், இரண்டு நாளைக்குப் போதுமானது, எடுத்துக்கொண்டு நிரப்பிக்கொண்டே போகலாம். கூடவே உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலங்கள், எலுமிச்சம்பழம், உடன்குடிக் கருப்பட்டி, சுக்கு. முழுக்கைச் சட்டை, அகன்ற தொப்பி, கழுத்துக்குத் துண்டு. காலை ஐந்தரைக்குப் புறப்பட்டுப் பத்தரைக்குள் கரையேறிவிட வேண்டும். பிறகு வெயில் தாழும்வரையில் நிழலைவிட்டு வெளிவரக் கூடாது.

மூன்றாவது, தூரம். 200 கிலோமீட்டரை ஆறு நாளில் கடக்க, நாளொன்றுக்கு 33 கிலோமீட்டர். ஏரியில் பழகிய கைக்கு இது ஆகிற காரியமல்ல. ஏரியில் அலை உடைவதில்லை; கடலில் கரையேறும் கடைசி இருபது கஜந்தான் ஓடத்தைக் கவிழ்க்கும். கவிழ்ந்த ஓடத்தில் தண்ணீரில் இருந்தபடியே திரும்ப ஏறத் தெரியாதவன் தனியாகக் கடலுக்குப் போகக் கூடாது. பையன்களைக் கேட்டேன். நிலை கொள்ளும் தண்ணீரில் ஏறியிருக்கிறார்களாம்.

இவ்வளவையும் சொல்லி, தூரத்தைக் குறைக்கச் சொன்னபோது மருமகனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"வ. உ. சி. இதே தூத்துக்குடியிலே கப்பல் விட்டாரே மாமா! அபாயம் என்று வீட்டிலே உட்கார்ந்திருந்தாரா?"

"உட்காரவில்லை. ஆனால் கணக்குப் போடாமல் எழுந்திருக்கவும் இல்லை" என்றேன். "1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தபோது, மூலதனம் பத்து லட்சம் ரூபாய், பங்கு ஒன்று இருபத்தைந்து ரூபாய், மொத்தம் நாற்பதாயிரம் பங்கு என்று எழுதி வைத்துத்தான் ஆரம்பித்தார். ஊர் ஊராகப் போய்ப் பங்கு சேர்த்தார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து நசுக்கப் பார்க்கும் என்பது தெரிந்தேதான் இறங்கினார். எதிர்க்காற்று எது என்று தெரிந்துகொண்டு இறங்குவது தைரியம். உன் திட்டத்தில் அந்தப் பத்தியே இல்லையே, அப்பா!"

"ஸ்பெக்?" என்றான் விடாமல்.

"ஸ்பெக் ஆஸ்திரேலியா போக ஏழு வருஷம் ஆயிற்று. ஏழு வருஷமும் துடுப்பா போட்டுக்கொண்டிருந்தார்? பருவக்காற்று மாறட்டும் என்றும், காய்ச்சல் தெளியட்டும் என்றும், புது ஓடம் வரட்டும் என்றும் காத்திருந்த நாட்கள் எத்தனை! உனக்கு ஆறு நாள் விடுமுறை கிடைத்ததென்று கச்சான் காற்றும் விடுமுறை எடுத்துக்கொள்ளுமா?"

பையன் எழுந்து போய்விட்டான். இரண்டு நாள் கழித்துச் சிநேகிதனுடன் வந்தான். கையில் புதிய தாள். நான் சொன்னதைவிடவும் நன்றாகச் செய்திருந்தான்.

மாதம், மாசி. வாடைப் பருவம் அடங்கி, கச்சான் தொடங்குவதற்கு முந்தி, கடல் மிகவும் சாதுவாக இருக்கும் நாட்கள். இடம், தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலிலிருந்து மணப்பாடு வரையில் மட்டும். சுமார் 30 கிலோமீட்டர். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் பெரிய கப்பல்களின் வழி வடக்கே தங்கிவிடுகிறது. தீவுகளும் எல்லைக்கோடும் இல்லை. முதல் நாள் காயல்பட்டினத்தைத் தாண்டித் திருச்செந்தூர். மறுநாள் குலசேகரன்பட்டினம் வழியாக மணப்பாடு. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அஸ்திவாரம் போட்டிருக்கிறார்கள். ஆகவே அந்தப் பகுதிக் கடலில் என்ன கட்டுப்பாடு என்று கடலோரக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே கேட்டு, எழுத்து மூலம் தெரிவித்துவிட்டுப் போவது. கரையிலிருந்து முந்நூறு கஜத்துக்கு அப்பால் போவதில்லை. மேற்கிலிருந்து காற்று எழுந்தால் அந்த க்ஷணமே கரை. மணப்பாட்டுப் பெரியவரின் பேரன், யந்திரம் வைத்த வள்ளத்தில் கூடவே வருவான். விடுமுறைக்கு, இரண்டு ஞாயிற்றுக்கிழமை கூடுதல் வேலை செய்து மாற்று நாள் பெறுவது. அதற்கு முன்பு, கடலில் கவிழ்ந்து ஏறப் பத்து நாள் பயிற்சி.

மாலையில் தங்கையைக் கூப்பிட்டு, தாளை அவள் கையில் கொடுத்தேன். ஒவ்வொரு வரியாகப் படித்தாள். தாளின் அடியில் ஒரு பத்தி. பிரயாணம் போகிறவன், தான் புறப்படும் நேரம், இறங்கும் இடம், சேரும் நேரம் ஆகியவற்றைக் கரையில் இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பது கடலோடிகளின் வழக்கம். குறித்த மணிக்குச் செய்தி வராவிட்டால், அவர் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 என்ற எண்ணையோ, இந்தியக் கடலோரக் காவல் படையின் 1554 என்ற எண்ணையோ கூப்பிட வேண்டும். யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது. பையன் அந்தப் பத்தியைப் பூர்த்தி செய்திருந்தான்:

"கரையில் இருப்பவர்: அம்மா. காலை பத்தரை மணி. அதற்குமேல் பதினைந்து நிமிஷம்."

தங்கை அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பதினைந்து நிமிஷம் எதற்கு? பத்து நிமிஷம் போதும் என்று எழுது" என்றாள்.

பையன் பேனாவை எடுத்துத் திருத்தினான்.